திரும்பும் வழித் தாள்

அன்று காலை நான் சரிபார்த்து அனுப்பிய இருபத்து மூன்று ஆவணங்களிலும் முதல் பக்கம் சரியாகவே இருந்தது. விசாரணையில் இதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வர மூன்று நாள் ஆயிற்று.

என் பெயர் ஜெனோவா. சங்குமுனையில் மீன்பிடிப் படகுகளுக்குத் தினமும் அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் நிரல் எழுதுகிறேன். என் நிரலுக்கு ஒரே வேலைதான். ஒரு பக்கமிருந்து கோடுகளால் ஆன கடல் வரைபடம் வரும். இன்னொரு பக்கமிருந்து படகின் எண், டிரைவர் பெயர், தேதி, போக வேண்டிய வழி என்று எழுத்துகள் வரும். இரண்டையும் ஒரே பிடிஎஃப்பில் சேர்த்து, முத்திரை வைத்து, அச்சுக்கு அனுப்ப வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். பத்திரிகையில் தவறு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். என் தாளில் தவறு வந்தால் கடலில் படகு நின்றுவிடும்.

எங்கள் கரைக்கு எதிரே கடலுக்கடியில் சுவர் மாதிரி நீளும் பவளப்பாறைக்கு எங்கள் ஊரில் ‘பார்’ என்று பெயர். அது வெளுத்துச் செத்து, வலை போட்டால் பாசி மட்டும் வந்த காலம் ஒன்று உண்டு. நாலு வருடம். அதற்குப் பிறகு வந்த சட்டம்தான் இது. பார் மேல் எந்தப் படகும் போகக் கூடாது. ஒவ்வொரு படகிலும் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அன்றைய தாளை அதில் செருக வேண்டும். ஈரத்தில் கிழியாத, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். கீழே ஒரு விளக்கு, மேலே ஒரு கேமரா. கேமரா எழுத்தைப் படிக்காது. முத்திரையைப் பார்க்கும், கோட்டைப் பார்க்கும், படகு கோட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கும். வெளியே போனால் எஞ்சின் சும்மா உறுமும், படகு நகராது. இந்தப் பூட்டை உடைக்கப் பார்த்தால் எஞ்சின் மொத்தமாக நின்றுவிடும். எழுத்து மனிதர்களுக்கு, கோடு எஞ்சினுக்கு. நடுக்கடலில் இணையம் கிடையாது, ஆகவே அந்தத் தாள்தான் சட்டம். எங்கள் ஆட்கள் பெட்டிக்கு உண்டியல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் ஒரு புது ஏற்பாடு வந்தது. பாரைக் கடக்க மூன்று இடைவெளிகள் உண்டு, வாய் என்போம். வடக்கு வாயில் பவளம் நடுவதற்காக, தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் கீழே, இரும்புச் சட்டங்களை இறக்கியிருந்தார்கள். நடு வாயில் பத்து மணிக்கு மேல் அந்த வேலைக்கான மிதவைகள் நிற்கும். ஆகவே படகுகள் விடியலில் நடு வாய் வழியாகப் போக வேண்டும், பகலில் தெற்கு வாய் வழியாகத் திரும்ப வேண்டும். போக ஒரு தாள். அதன் ஆயுள் பன்னிரண்டு மணியோடு முடியும். வர இன்னொரு தாள். ஏழு வருடமாக ஒரே பக்கமாக இருந்த என் ஆவணம் அன்றைக்கு முதல் முறையாக இரண்டு பக்கமானது.

பன்னிரண்டே காலுக்கு வயர்லெஸ் அறையிலிருந்து மீரான் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். இருபது வருடமாக அந்த செட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவர். படகு இரைச்சலை வைத்தே யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு எனக்கே குரல் தெரிந்தது. என் அக்கா புளோராவின் வீட்டுக்காரர், கஸ்பார் அத்தான்.

“ரெண்டாவது தாளப் போட்டாச்சு. தெற்கு வாய்க்கு வந்தா எஞ்சின் உறுமுதே தவிர நகர மாட்டேங்கு. எனக்கு மட்டுமில்ல, பின்னால வாற எல்லாத்துக்கும் இதே கததான். என்னன்னு பாருங்க. வாடை எழும்புது.”

வாடைக்காற்று மூன்று மணிக்கு மேல் வலுக்கும் என்று காலையிலேயே அறிக்கை வந்திருந்தது. அதற்குள் எல்லாரும் கரைக்கு வந்துவிடுவார்கள் என்றுதான் அனுமதியே கொடுத்தோம். இப்போது படகுகள் நகர முடியாமல் நின்றால், வாடை அவற்றைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார் மேல் மோதும்.

என் மேஜைக்கு ஓடிப்போய் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். திரும்பும் வழி: தெற்கு வாய். படகு எண் சரி, பெயர் சரி, தேதி சரி. காலையிலும் இதையெல்லாம் பார்த்தேன். வரைபடத்தில் வழியைக் காட்டும் பட்டை வளைந்து கரைக்கு வந்தது. பட்டை வளைந்திருந்தால் போதும் என்று காலையில் நினைத்திருக்கிறேன். இப்போது மூல வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

எங்கள் அதிகாரி சுந்தரவடிவேல் சார் பின்னால் வந்து நின்றார். அவருக்குச் சென்னிமலைப் பக்கம்.

“என்னங்க ஜெனோவா, என்ன ஆச்சுங்க?”

“படம் தலைகீழா இருக்கு சார்.”

“எழுத்து நேராத்தானுங்களே இருக்குது?”

“எழுத்து நேரா இருக்கு. கோடு மட்டும் தலைகீழ். வரைபடம் வருதில்ல, அது தாளோட மேல் விளிம்புலேர்ந்து கீழ எண்ணும். பிடிஎஃப் கீழ் விளிம்புலேர்ந்து மேல எண்ணும். மாடி வீட்டுக்கு ஒருத்தர் மேலேர்ந்து நம்பர் போட்டு, இன்னொருத்தர் கீழேர்ந்து போட்ட மாதிரி. சேக்கும்போது எண்ணுறதத் திருப்புன்னு ஒரு வரி எழுதணும்.”

“எழுதலீங்களா?”

“எழுதியிருக்கேன். ஆனா அந்த வரி ஒரு பக்கத்துக்குத்தான் செல்லும். அடுத்த பக்கம் தொடங்கினா முன்னால சொன்னதெல்லாம் அதுக்கு மறந்துரும், மறுபடி சொல்லணும். இத்தனை நாளா ஒரே பக்கம்தான இருந்துச்சு. நான் மறுபடி சொல்லல சார்.”

“ஒரு வரிங்களா?”

“ஒரு வரி.”

மீரான் அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப எஞ்சின் எந்த வாய்க்குத்தான் போகும்?”

வரைபடத்தில் விரலை வைத்தேன். “வடக்கு வாய்க்கு.”

இரும்புச் சட்டங்கள் இருக்கும் வாய். எஞ்சின் ஆட்களை அங்கேதான் போக விடும். அவர் செட்டுக்கு ஓடினார். வடக்கு வாய்ப் பக்கம் யாரும் போகாதீங்க, எஞ்சின் விட்டாலும் போகாதீங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சரி, சரி என்று நாலைந்து குரல்கள் வந்தன.

சரியான தாளை அடிக்க எனக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. கொண்டுபோகத்தான் வழி இல்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் கடலில். எங்களுடைய ஒரே ரோந்துப் படகு பழுதுபார்க்கக் கரையேறி இரண்டு வாரம். கடல் காற்றில் டிரோன் அவ்வளவு தூரம் போகாது. மீட்புக் கப்பல் வர நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். பூட்டை விலக்கும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்கு உண்டு, அதுவும் ஒரு தாளாகத்தான் வரும். குரல் மட்டும்தான் கடலுக்குப் போகும். குரலை உண்டியலில் போட முடியாது.

ஒன்றே காலுக்குப் படகுகளின் குரல் நின்றது. ஒரு செட் கெட்டுப்போவது உண்டு. இருபத்து மூன்று செட்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. மீரான் அண்ணன் ஒவ்வொரு படகின் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பட்டியல் முடிந்ததும் முதல் பெயரிலிருந்து மறுபடி தொடங்கினார். எனக்கு அந்தப் பெயர்களைக் கேட்கவே முடியவில்லை.

கையில் அன்றைய இரண்டாம் தாளின் உபரிப் பிரதி ஒன்று இருந்தது. ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, மேல் விளிம்பு கீழே போகும்படி அதைப் பின்பக்கமாகப் புரட்டினேன். எழுத்தெல்லாம் கோணல்மாணலாக ஆயிற்று. பட்டை மட்டும் தெற்கு வாய்க்கு வந்து நின்றது. அச்சு அசலாக, நான் அடிக்க வேண்டியிருந்த படம்.

முத்திரை இடது ஓரத்தில் நட்டநடுவில் இருந்தது, புரட்டினாலும் அதே இடம்தான். ஈரக் கையோடு ஆட்கள் எப்படிச் செருகினாலும் முத்திரையைப் படிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி உண்டு. அதைச் சோதித்தவளே நான்தான். முத்திரை புரண்டு வந்தாலும் கேமரா ஏற்றுக்கொள்ளும். கோடு புரண்டு வந்தால் என்ன ஆகும் என்று ஏழு வருடத்தில் நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

“சார், தாளத் திருப்பிப் போடச் சொன்னா போதும்” என்றேன்.

சுந்தரவடிவேல் சார் தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். முகம் கறுத்தது.

“இதப் பொது அலைவரிசையில சொல்லப் போறீங்களா?”

“வேற எதுல சொல்ல?”

“நாளைக்கு எவன் வேணும்னாலும் தாளைப் புரட்டிப் போட்டுட்டுப் பார் மேல போவானுங்க. வடக்கே விடலீன்னா புரட்டிப் போட்டு வடக்கே போவான், தெற்கே விடலீன்னா புரட்டிப் போட்டுத் தெற்கே போவான். நம்ம பூட்டுக்கு அப்புறம் என்ன மரியாதைங்க? எங்கூர்ல கடலே கிடையாது. நான் இங்க வந்த மூணாவது வருசம், முக்குளிக்கிற ஆளுங்க பார்ல மீன் குஞ்சு கூட்டம் கூட்டமா வந்திருக்குதுன்னு படம் எடுத்துட்டு வந்து காமிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அது போயிருமுங்க, ஜெனோவா. ஒரே மாசத்துல போயிரும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் கஷ்டம்.

“கப்பல் வர்ற வரைக்கும் நங்கூரம் போட்டு நிக்கட்டுமே” என்றார்.

“அங்க நங்கூரம் பிடிக்காது சார்” என்றார் மீரான் அண்ணன், செட்டிலிருந்து தலையைத் திருப்பாமலே. “அதுவும் வாடையில.”

அப்போது ஜன்னலுக்கு வெளியே என் அக்கா வந்து நின்றாள். பக்கத்து ஏலக்கூடத்தில் அவளுக்கு வேலை. கையில் ஐஸ் தூளும் செதிலும் ஒட்டியிருந்தது.

“ஏட்டி ஜெனோ, அங்கன என்னென்னமோ பேசுதாங்க. உங்க அத்தான் படகு எங்கன நிக்கு?”

“அக்கா, தப்பு என்னுதுக்கா. நான் அடிச்ச தாள்ல...”

“தப்பு யாருதுன்னா கேட்டேன்? படகு எங்கன நிக்குன்னு கேட்டேன்.”

அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. மீரான் அண்ணனிடம் மைக்கைக் கேட்டேன். அவர் சாரைப் பார்த்தார். சார் வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். மீரான் அண்ணன் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

“எல்லாப் படகுக்கும்” என்று தொடங்கினேன். “நான் ஜெனோவா பேசுதேன், அனுமதி ஆபீஸ்லேர்ந்து. ரெண்டாவது தாள்ல படம் தலைகீழா அடிச்சிருக்கு. தப்பு என்னுது. உண்டியலத் திறந்து அந்தத் தாள எடுங்க. மேல்பக்கம் கீழ வாற மாதிரிப் பின்னால புரட்டிப் போடுங்க. எஞ்சின் ஓடும். தெற்கு வாய் வழியா வாங்க. வடக்கே மட்டும் போகாதீங்க.”

ஒன்றுமில்லை. இரைச்சல் மட்டும். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அழுகையை அடக்க முடியவில்லை. வடக்கு வாயும் அந்த இரும்புச் சட்டங்களும்தான் கண் முன்னால் நின்றன. அக்கா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

செட் கரகரத்தது.

“ஏட்டி ஜெனோ, மொதல்ல மைக்கக் கீழ வை.”

கஸ்பார் அத்தானின் குரல்.

“நாங்க தெற்கு வாயத் தாண்டி அர மணி நேரமாச்சு. இருபத்தி மூணு படகும் வருது, முனைக்கு அந்தப் பக்கம். எல்லாவனும் நல்லாத்தான் இருக்கானுவ. இதப் போயி ஊரே கேக்கச் சொல்லிக்கிட்டு இருக்க.”

மைக்கைக் கீழே வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே அக்காவைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். செதில் ஒட்டிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். மீரான் அண்ணன் பட்டியலை எடுத்து, படகின் பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் பேனாவால் டிக் போடத் தொடங்கினார். தாழ்வாரத்திலிருந்து சார் உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார். எங்களுக்கெல்லாம் அந்த நிமிடம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். மிகை இல்லை.

இரண்டே முக்காலுக்குப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக முனையைச் சுற்றி வந்தன. காற்று அப்போதுதான் கூரைத் தகரங்களை அசைக்கத் தொடங்கியிருந்தது. அத்தான் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கியதும் நான் நேரே போய் அவர் முன்னால் நின்றேன். அக்கா எனக்கு முந்திக்கொண்டு பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்திருந்தாள்.

“திருப்பிப் போடணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “பெட்டி வந்த ரெண்டாவது மாசமே தெரியும். நம்ம லூர்து ஒருநா அவசரத்துல தாளப் பின்னால புரட்டித் தலகீழாப் போட்டுட்டான். போகக் கூடாத பக்கமெல்லாம் எஞ்சின் சிரிச்சுக்கிட்டே போச்சுன்னு வந்து சொன்னான்.”

“லூர்து அண்ணனுக்கு மட்டும்தான் தெரியுமா?”

“எல்லா டிரைவருக்கும் தெரியும்.”

“ஏழு வருஷமாவா?”

“ஏழு வருசமா.”

“பிறகு ஏன் யாரும் பார் மேல போகல?”

அவர் கேள்வியே புரியாதவர் போல என்னைப் பார்த்தார். “மீனு குஞ்சு பொரிக்கிற இடம்டி அது. நாலு வருசம் பட்டினி கெடந்தது நாங்களா, உங்க பெட்டியா? ஒருத்தன் போனான், இல்லங்கல. பேரு வேண்டாம். ஊர்க் கமிட்டில கூப்பிட்டு வெச்சு, அவன் வலையக் கழத்தி மூணு மாசம் கோயில் கொட்டகையில போட்டுப் பூட்டினோம். அதுக்குப் பிறகு ஒருத்தனும் போகல.”

“இன்னைக்கு ஏன் எல்லாரும் வாய மூடிக்கிட்டீங்க? இங்க நாங்க செத்துப் பிழைச்சோம் தெரியுமா?”

“எப்படி வாறீங்கன்னு மீரான் கேப்பாரு. சொன்னா மறுநாளே நீங்க பெட்டிய மாத்திருவீங்க. இன்னிக்கு மாதிரி இன்னொரு நாள் வந்தா பிறகு எப்படிக் கரைக்கு வர? அதான் எல்லாவனும் செட்ட அணைச்சுப் போட்டுட்டு வந்துருவோம்னு பேசிக்கிட்டோம். வழியில பாத்தா நீயே மைக்கப் போட்டு அழுதுக்கிட்டு இருக்க. நான் ஒருத்தன்தான் ஏதோ மனசுல பட்டு செட்டத் திறந்து வெச்சிருந்தேன்.” தலையைச் சொறிந்தார். “சொல்லாம வந்தது தப்புதான். அதுக்கு உங்கக்காகிட்ட ஏற்கெனவே வாங்கியாச்சு.”

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து சாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை. அவர் நெடுநேரம் அந்த உபரித் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழு வருசமா தெரிஞ்சிருக்குதுங்களா அவங்களுக்கு?”

“ஆமா சார்.”

“நான் ஏழு வருசமா பூட்டப் பத்தி ஊர் ஊராப் போயிப் பேசிட்டு இருக்கேனுங்க.” அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு அறிக்கையை எழுத உட்கார்ந்தார். இரண்டாம் பக்கத்தில் வரைபடம் தலைகீழாக அச்சானது, பொறுப்பு என்னுடையது என்று எழுதினார். நானே அப்படி எழுதச் சொன்னேன். படகுகள் திரும்பிய விதத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“டிரைவர்களோட அனுபவத்தால பத்திரமாத் திரும்பினாங்கன்னு போட்டுக்கலாமுங்களா?”

“அதுதான சார் நடந்தது.”

மீரான் அண்ணனின் குறிப்பேட்டில், நான் மைக்கில் பேசிய நேரத்துக்கு, ஒன்று ஐம்பதிலிருந்து இரண்டே கால் வரை காற்று, ஒலி தெளிவில்லை என்று இருந்தது. அவருடைய இருபது வருடக் குறிப்பேட்டில் அது ஒன்றுதான் பொய் என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

விசாரணையில் எனக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. நியாயம்தான். அந்த ஒரு வரியை இப்போது ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் எழுதுகிறேன், சரிபார்க்கும்போது கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அத்தானும் தாளை வாங்கியதும் இரண்டாவதைத்தான் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். என்னை நம்பவில்லையா என்று கேட்டால், உன்னை நம்பித்தானே பார்க்கிறேன் என்று ஏதோ உளறுவார்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இன்னும் ஒன்பது துறைமுகங்களுக்கு இதே பெட்டியைக் கொடுக்கப் போகிறார்களாம். கடைசிக் கேள்வி: கருவியை ஏமாற்ற எவரேனும் முயன்றது உண்டா? சார் படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். பாதி காலை அதன் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் இப்படி எழுதினேன்: ஏழு ஆண்டுகளில் ஒரே ஒருவர் முயன்றார், அவர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது.

சார் அதை இரண்டு தடவை படித்தார். நடவடிக்கை எடுத்தது யார் என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.